ஒப்படையை மென்பொருளிடம் கொடுப்பதா, பிள்ளையிடம் கேட்பதா?

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவிலிலும் விரிவுரையாளர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: வீட்டில் எழுதி வரச் சொன்ன இந்த ஒப்படையை எழுதியது பிள்ளையா, கேட்டதை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடியா? 2022 நவம்பர் 30 அன்று அது பொதுப் பாவனைக்கு வந்தது. அதற்கு முன்பும் கொப்பியடிப்பு இருந்தது. சீனியருடைய ஒப்படையைப் பெயர் மாற்றிக் கொடுப்பதும், காசு கொடுத்து எழுதுவிப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதற்கு ஆளும் காசும் தேவைப்பட்டன. இப்போது கையில் போன் இருந்தால் போதும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் நாலு வழி சொல்கிறார்கள். கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பது. ஒப்படையைக் குறைத்து மண்டபப் பரீட்சைக்கே திரும்புவது. பாவிக்க விட்டு, எப்படிப் பாவித்தார்கள் என்று எழுதித் தரச் சொல்வது. எழுதியதைப் பற்றி நேரில் இருத்திக் கேட்பது. என் சாய்வு நாலாவது பக்கம்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

மென்பொருள்

வேலைப்பளு கூடிய விரிவுரையாளருக்கு இதுதான் முதலில் கை நீட்டுகிற வழி. கோப்பை ஏற்றினால் எத்தனை வீதம் இயந்திரம் எழுதியது என்று கணக்கு வந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கருவிகளில் பல, ஒரு சொல்லுக்கு அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்கலாம் என்று அளக்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று சந்தேகிக்கின்றன.

எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதுவது எப்படி? வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வருகிற பிள்ளை டியூஷனில் பாடமாக்கிய வசன அமைப்புகளை வைத்துத்தான் கட்டுரை எழுதுகிறது. தெரிந்த சொற்கள் கொஞ்சம், பிழை வராத பாதுகாப்பான வசனங்கள், ஒவ்வொரு பந்தியும் ஒரே தொடக்கம். அதாவது, ஊகிக்க எளிதான எழுத்து. தானாக உட்கார்ந்து எழுதிய பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும்.

இது என் பயம் மட்டுமில்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023 இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் சொல்லிவிட்டன. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் அப்படிப் பிழை போகவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 வீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 வீதத்தை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். கொப்பியடிப்பைப் பிடிக்கிற மென்பொருளான டர்னிட்டினும் 2023 ஏப்ரலில் இந்த வசதியைக் கொண்டுவந்தது, மனிதர் எழுதியதைப் பிழையாகப் பிடிப்பது ஒரு வீதத்துக்கும் குறைவு என்றும் சொன்னது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைத் தன் எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தது. ஆண்டுக்கு 75,000 கட்டுரைகள் என்றால் 750 பேர் மீது வீண்பழி வரலாம். ஓகஸ்டிலேயே அந்த வசதியை மூடியது.

களவு பிடிபட்டாலும் சான்று இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருடைய கட்டுரையிலிருந்து திருடியிருந்தால் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இங்கே வைத்துக் காட்ட ஒன்றுமில்லை. ஒரு வீத எண்ணைக் காட்டி ஒரு பிள்ளையின் பட்டத்தில் கை வைக்கிற உரிமை எவருக்கும் இல்லை என்பதே என் எண்ணம்.

மண்டபப் பரீட்சை

இதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், மேற்பார்வையாளர் நிற்கிறார், செலவும் குறைவு. ஆகவே முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் மூன்று மணித்தியாலத்தில் நாங்கள் அளப்பது பெரும்பாலும் ஞாபகத்தை. மாதிரி விடையை மனனம் பண்ணி வந்து கொட்டுகிற பழக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் வளர்க்கத்தான் வேண்டுமா? தேடி வாசிப்பது, ஆட்களைச் சந்தித்துக் கேட்பது, ஒரு முடிவை எழுதித் திருத்தித் திரும்ப எழுதுவது, இவற்றை மண்டபத்துக்குள் கொண்டுவர முடியாது. சிட்னிப் பல்கலைக்கழகம் 2025 முதல் இரண்டு தடமாகப் பிரித்திருக்கிறது: கண்காணிப்பில் நடப்பவை ஒரு தடம், செயற்கை நுண்ணறிவுக்கு இடம் விட்டவை மற்றத் தடம். அந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

பாவித்துவிட்டுச் சொல்வது

உலகம் போகிற போக்குக்கு இது பொருந்தும். வேலைக்குப் போனால் இந்தக் கருவிகளோடுதான் வேலை செய்யப் போகிறார்கள். ஆனால் ‘பாவிக்கலாம், சொல்ல வேண்டும்’ என்று ஒரு வரி போட்டால் போதாது. ஒரே செமஸ்டரில் ஒரு விரிவுரையாளர் முற்றாகத் தடை என்கிறார், இன்னொருவர் பரவாயில்லை என்கிறார், மூன்றாமவர் வாயே திறப்பதில்லை. பிள்ளை எதைத்தான் பின்பற்றும்? ஒவ்வொரு ஒப்படையிலும் தெளிவாக எழுத வேண்டும்: தலைப்பைப் பற்றி யோசிக்கப் பாவிக்கலாம், ஆங்கிலத்தைத் திருத்தப் பாவிக்கலாம், பந்தி எழுதுவிக்கக் கூடாது. என்ன கேட்டார், என்ன கிடைத்தது, எதைத் தள்ளினார், ஏன் தள்ளினார் என்று கடைசியில் அரைப் பக்கம் எழுத வைக்கலாம்.

இதில் இரண்டு கஷ்டம். காசு கட்டிப் பாவிக்கிற பதிப்பு 2023 இல் வந்தபோது மாதம் 20 டொலர். மகாபொல புலமைப்பரிசில் பணத்தை நம்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது எட்டாது. அடுத்தது, இல்லாத நூலையும் கட்டுரையையும் இருப்பதாகச் சொல்லும் பழக்கம். 2023 இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5000 டொலர் தண்டப்பணம் கட்டினார்கள். உசாத்துணைப் பட்டியலில் இரண்டு நூல்களையாவது நூலகத்திலிருந்து எடுத்து வந்து காட்டு என்று சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

நேரில் கேட்பது

விவசாயம் படிக்கிற பிள்ளைக்கு ‘நீர் முகாமைத்துவத்தின் முக்கியத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் இயந்திரம் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அதையே இப்படிக் கேளுங்கள்: மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்தின் கீழுள்ள ஒரு வட்டையை, அதாவது வயற்பரப்பை எடுத்து, இந்தச் சிறுபோக வேளாண்மைக்கு எத்தனை ஏக்கர் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூடுகிற ஆரம்பக் கூட்டத்தில் எப்படி முடிவானது, அதில் யாருக்குக் குறை என்று விசாரித்து எழுதுங்கள். இதற்குப் பிள்ளை வயலுக்குப் போக வேண்டும். போய் வந்த பிள்ளையிடம் கேட்டால் விடை இப்படி வரும்:

“மகள், கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி போறதில்லை எண்டு எழுதியிருக்கிறீங்க. அதை ஆரிட்டக் கேட்ட நீங்க?”

“எங்கட வட்டவிதானையார் சொன்னவர், சேர். பிறகு நானும் போய்ப் பாத்தனான். வாய்க்கால் இடையில உடைஞ்சி கிடக்கு.”

வட்டவிதானையார் என்றால் வட்டையின் தண்ணீர் விஷயத்தைப் பார்க்கிறவர். அவரிடம் கேட்டதோடு நிற்காமல் ‘நானும் போய்ப் பாத்தனான்’ என்று சொன்ன அந்த வசனம்தான் எனக்கு வேண்டியது. ஒப்படை ஆங்கிலத்தில் இருந்தாலும் விடையைத் தமிழில் சொல்ல விடவேண்டும். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை வாயடைத்து நிற்பதை விளங்காததாக எடுத்துவிடக் கூடாது.

நேரம் போகும் என்பது உண்மை. 120 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் முழுசாகப் பத்து மணித்தியாலம். ஒவ்வொரு ஒப்படைக்கும் சீட்டுக் குலுக்கி 30 பேரைக் கூப்பிட்டால் இரண்டரை மணித்தியாலத்தில் முடியும். யாருடைய பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் வாசித்துவிட்டு வருவார்கள். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சு வராமலிருக்க இரண்டு விரிவுரையாளர்கள் இருக்க வேண்டும், கேள்வியும் விடையும் தாளில் பதிவாக வேண்டும்.

எனக்கு 120 பேர் வகுப்பு என்றால் பாதிப் புள்ளி மண்டபப் பரீட்சைக்கு, மீதி ஊருக்குள் போய் விசாரித்து எழுதுகிற ஒப்படைக்கும் அதைப் பற்றிய நேர்முகக் கேள்விக்கும், கூடவே அந்த அரைப் பக்கக் குறிப்புக்கும். மென்பொருளுக்கு இதில் இடமில்லை. ஒரு பிள்ளையால் தன் ஒப்படையைப் பற்றி விடை சொல்ல முடியாவிட்டால் உடனே விசாரணைக்குழுவுக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் புள்ளியை நிறுத்திவைத்து, தான் விசாரித்து எடுத்த குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே தலைப்பில் வகுப்பிலிருந்தபடி ஒரு மணித்தியாலம் எழுத விடுவேன். எழுதினால் அதற்குரிய புள்ளி. குறிப்பே இல்லாவிட்டால், வட்டைக்குப் போய் வர இன்னும் ஒரு கிழமை கொடுப்பேன்.