புரட்டாதி நடவா, தை நடவா, பை நடவா? திருகோணமலை வளவுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு யூடியூப் அலைவரிசைகளைப் பார்த்துவிட்டு ஆடியில் விதை போடுகிறவர்கள் எங்கள் ஊரில் கூடிக்கொண்டு வருகிறார்கள். அங்கே ஆடிப்பட்டம் சரி. இங்கே ஆடியில் அடிப்பது கச்சான் காற்று. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களோ செப்டெம்பர் முடியத் தக்காளிச் செடிகளைப் பிடுங்கி, ஒக்டோபரில் உள்ளிப் பற்களை ஊன்றிவிட்டுத் தோட்டத்தை மூடிவிடுகிறார்கள். அவர்கள் மூடுகிற அதே நாட்களில்தான் நாங்கள் தோட்டத்தைத் திறக்கிறோம்.

எப்படித் திறப்பது என்பதில் ஊருக்குள் மூன்று கட்சி இருக்கிறது. புரட்டாதியிலேயே கொத்திப் பாத்தி போட்டு முதல் மழைக்கு நட்டுவிடுவது ஒன்று. மாரி முழுக்கப் பெய்து ஓயட்டும், தையில் பார்க்கலாம் என்பது இன்னொன்று. நிலமே வேண்டாம், உரப்பையிலும் சாடியிலும் வளர்க்கலாம் என்பது மூன்றாவது. கமநல சேவை நிலையத்து வாசலில் நின்றால் மூன்றுக்கும் ஆள் கிடைக்கும், எல்லாரும் அடித்துப் பேசுவார்கள். இதை நாட்காட்டியை வைத்துத் தீர்க்க முடியாது, வளவு மண்ணை வைத்துத்தான் தீர்க்கலாம் என்பது என் எண்ணம்.

மண்ணைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. மழைக்கு முதல் வளவில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி வெட்டுங்கள். வாளித் தண்ணீரால் நிரப்பி வற்ற விடுங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். முதல் தண்ணீரைக் காய்ந்த மண் குடித்துவிடும், ஆகவே இரண்டாவது தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் நீங்கள் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் குழி வெறுமையாகிவிடும். தம்பலகாமத்து வயலோரக் களியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாக நிற்கும். செங்கபில மண் உள்ள வளவுகள் இரண்டுக்கும் நடுவில் வரும்.

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. அந்த இரண்டு மாதமும் வேர் மூச்சுவிட இடம் இருக்குமா என்பதுதான் முதற்கேள்வி. பயிர், பசளை, இனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புரட்டாதிக் கட்சி

இவர்களின் பெரிய பலம் தண்ணீர்ச் செலவு. முதல் சில கிழமைக்குக் கிணற்றில் இறைத்தால் போதும், மிச்சத்தை வானம் பார்த்துக்கொள்ளும். புரட்டாதி பிறந்ததும் வெண்டி விதை போட்டால் 45 முதல் 50 நாளில் முதற்காய் வரும். ஐப்பசி முடிவதற்குள் குழம்புக்குக் காய் பறிக்கலாம். பயற்றங்காயும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். கனமழை வருவதற்குள் செலவழித்ததை எடுத்துவிடலாம்.

கத்தரிதான் இந்தக் கட்சியின் உண்மையான வெற்றி. ஐப்பசியில் நாற்றைப் பிடுங்கி நட்டால், செடி மழையில் வளர்ந்து, மழை குறையும்போது காய்க்கத் தொடங்கும். விவசாயத் திணைக்கள இனங்களில் திண்ணைவேலி ஊதா வீட்டுத்தோட்டத்துக்குத் தோதானது. மிளகாய்க்கு இந்தக் கணக்குச் சரிவராது. நாற்றுமேடையில் நாலைந்து கிழமை நின்று, ஐப்பசியில் நடப்பட்டு, பூக்கும் நேரம் வரும்போது சரியாகக் கார்த்திகை, மார்கழி மழை வந்துவிடும். பூ கொட்டும். தப்பிய காயில் கறுப்பு வட்டம் விழுந்து அழுகும். தக்காளியும் இப்படித்தான். “எங்கள் வீட்டில் போன மாரி காய்த்ததே” என்று யாராவது சொன்னால், அந்த வருடம் மழை பிந்தியிருக்கும்.

பாத்தியின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. மணலில் அரையடி போதும். களியில் ஓரடிக்குக் குறையாமல் வேண்டும், ஓரத்துக்குத் தென்னை மட்டையைப் படுக்கவைத்துக் கட்டினால் கரையாது. அகலம் மூன்றடிக்கு மேல் போனால் நடுவுக்குக் கை எட்டாமல் பாத்திக்குள் காலை வைக்க வேண்டிவரும். ஈர மண்ணை ஒருமுறை மிதித்தால் இறுகிவிடும். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். முன்பு கிடுகு வேலிக்குக் கீழால் தண்ணீர் தன்பாட்டில் ஓடும். இப்போது நாலு பக்கமும் மதில். போக்கிடம் வைக்காத மதில் வளவுகளில் மழைத் தண்ணீர் குளம்போல் தேங்குகிறது. போக்கிடம் வைத்தால் அடுத்த வீட்டுக்காரரோடு கதைத்துத்தான் வைக்க வேண்டும், அந்த வேலையும் மழைக்கு முந்தியதுதான்.

களிமண்ணில் புரட்டாதி நடவுக்கு இன்னொரு பகை வாடல் நோய். நேற்று வரை பச்சையாய் நின்ற கத்தரி, இலை மஞ்சளாகாமலே தொங்கிப்போகும். வேர்ப்புழுவா, நோயா என்று தெரியாவிட்டால், அடித்தண்டைச் சாய்வாக வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில், வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்நிற நூலொன்று கீழே இறங்கினால், அது பக்ரீறியா வாடல். மருந்தடித்து மாற்ற முடியாது. செடியை வேரோடும் அடிமண்ணோடும் அகற்றி, அந்தப் பாத்தியில் சில வருடங்களுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளி எதுவும் வைக்காமல் இருக்க வேண்டும். ஓடும் மழைத்தண்ணீரே பாத்திக்குப் பாத்தி இதைக் காவுகிறது. சுண்டங்காய்ச் செடியில் ஒட்டிய கத்தரி நாற்றுக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், அந்த வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

பசளையில் பெரிய விவாதம் தேவையில்லை. மழைக்கு முதல்நாள் மணலில் யூரியா போட்டால் அது வேருக்கு உதவாமல் கிணற்றுக்குத்தான் போகும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வயல்காரர் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். வீட்டுத்தோட்டக்காரருக்கு ஆட்டெருவின் அருமையும் அப்போதுதான் தெரிந்தது. நடுவதற்கு இரண்டு கிழமை முந்தி மக்கிய எருவைக் கலந்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூவுங்கள்.

தைக் கட்சி

தையில் வெயில் இருக்கிறது, நோய் குறைவு, பூ நிற்கும். மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம் மூன்றுக்கும் இதுவே நல்ல காலம். கார்த்திகைக் கடைசியில் தாழ்வாரத்தில் நாற்று மேடை போட்டு, தைப்பொங்கலை ஒட்டி நட்டால் பங்குனியில் மிளகாய் பறிக்கலாம்.

செலவு தண்ணீரில்தான். மாசி பிறந்தால் மழையை நம்ப முடியாது. மணல் வளவில் தினமும் இறைக்க வேண்டும். கடற்கரையோரக் கிணறுகளில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும், அதை ஊற்றினால் இலை விளிம்பு கருகும். புரட்டாதியில் செடியை மூழ்கடித்த அதே களிமண்ணோ இப்போது ஈரத்தைப் பிடித்து வைத்துக் கைகொடுக்கும். மாரியில் வெல்லும் மணல் கோடையில் தோற்கிறது, மாரியில் தோற்கும் களி கோடையில் வெல்கிறது. ஆகவே தம்பலகாமத்தில் இருந்துகொண்டு நிலாவெளிக்காரரின் நாளைப் பார்த்து நடாதீர்கள். அவர் உங்களுடைய நாளைப் பார்த்தாலும் அதே நட்டம்தான்.

தைக்குக் காத்திருப்பவர் புரட்டாதியில் சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெறும் நிலத்தில் மாரி பெய்தால் மேல்மண் போய்விடும், மிச்சத்தைப் புல் பிடிக்கும். சீமைக்கிளுவை இலையை வெட்டிக் கனமாகப் பரப்பிவிடுங்கள். தைக்குள் பாதி மக்கியிருக்கும்.

பைக் கட்சி

நகரத்துக்குள் சீமெந்து போட்ட முற்றத்தோடு இருப்பவருக்கு வேறு வழியில்லை, அவருக்கு இதுவே நல்ல வழி. வாடல் நோய் ஒரு பையோடு நின்றுவிடும். புயல் என்றால் தூக்கி உள்ளே வைக்கலாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது நிலத்து வாழைக்கு அந்த வசதி இருக்கவில்லை.

மற்றவர்களுக்கு நான் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். கனமழை பைக்குள் இருக்கும் சத்தைக் கழுவிக்கொண்டு போகும், பத்து நாளுக்கு ஒருதரம் எரு வைக்க வேண்டும். கோடைக்கு என்று சேர்த்த தும்புத்தூள் மாரியில் ஈரத்தைப் பிடித்து வேரை அழுகவைக்கும். அதைக் குறைத்து உமிக்கரி சேர்ப்பது நல்லது. பழைய ரயர்ச் சாடிகளை எறிந்துவிடுங்கள். உள்விளிம்பில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும், டெங்கு நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் அங்கேதான் குனிவார். சாடிக்குக் கீழே தட்டு வைப்பதும் அப்படித்தான்.

எந்தக் கட்சியானாலும் மழைக்கு முதல் சில வேலை உண்டு. முருங்கைக் கொப்புகளை வெட்டிவிட வேண்டும், வாடைக்கு அது முறிந்து கூரையில்தான் விழும். வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தென்னையைச் சுற்றிக் குழி வெட்டிப் பொச்சு மட்டையைப் புதைத்தால், மாரியில் குடித்த தண்ணீரை அது கோடை வரை வைத்திருக்கும். ஆபிரிக்க நத்தைக்கு உப்புத் தூவுகிறவர்கள் நத்தையோடு பாத்தியையும் கெடுக்கிறார்கள். இரவில் ரோச் லைற்றோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுவது அலுப்பான வேலை, ஆனால் பலன் தரும். வெறுங்கையால் மட்டும் தொட வேண்டாம்.

தையில் நடப்போகிறவர்கள் விதையை இப்போதே வாங்கினால் கடதாசிப் பையோடு குசினித் தட்டில் வைக்காதீர்கள். மாரி ஈரத்தில் முளைதிறன் போய்விடும். மூடி இறுகும் போத்தலில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி போட்டு, மேலே விதைப் பொட்டலத்தை வைத்து மூடுங்கள். நாற்று மேடை போடுவதற்கு முதல் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். பாதிக்கு மேல் முளைக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தை நம்பி இருக்காமல் வேறு வாங்குங்கள்.