வெடி வைக்காமல் கல்லுப் பிளக்கிற தூள்: யாழ்ப்பாணக் கிணற்றுக்குச் சரிவருமா?

கிணறு வெட்டேக்க கல்லுத் தட்டுப்பட்டால் முந்தி டைனமைற்தான். சும்மா அதிர்ந்தாலே வெடிக்கிற நைட்ரோகிளிசரினை ஒருவகை நுண்துளை மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867இல் அல்பிரட் நோபல் காப்புரிமை எடுத்த சரக்கு அது. இப்போது 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே ஏலாது. அனுமதி கிடைத்தாலும் நெருக்கமான வளவுகளில் பக்கத்து வீட்டுச் சுவர் தாங்காது.

அந்த இடத்துக்குத்தான் இந்தத் தூள். முக்கியச் சரக்கு சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் துளைக்குள் பருத்துக் கல்லைத் தள்ளும். அமுக்கத்தைத் தாங்குகிற கல், இழுவைக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். சத்தமில்லை, அதிர்வில்லை.

38 மில்லிமீற்றர் துளை, 30 முதல் 40 சென்ரிமீற்றர் இடைவெளி. 5 கிலோ பைக்கற்றுக்கு ஒன்றரை லீற்றர் குளிர்ந்த தண்ணீர். கூடினால் பலம் குறையும். கலக்கி ஐந்து பத்து நிமிசத்துக்குள் வாய்வரை ஊற்றவேண்டும். மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ முடியும். அடுத்தநாள் வெடிப்பைப் பார்க்கலாம்.

சிக்கல் கிணற்று அடியில்தான். கல் விலக நாலு பக்கமும் இடமில்லை, மேலே மட்டும்தான் வெளி. அதனால் நேர்த்துளை போட்டால் தூள் வீண். முதல் நடுவில் சரிவாகத் துளைத்து ஒரு குழி எடுத்து, பிறகு வளையம் வளையமாக வெளியே போகவேண்டும். உடைந்ததை அலவாங்கால் நெம்பலாம்.

எங்கட சுண்ணாம்புக்கல்லில் பொந்துகள் அதிகம். ஊற்றின கலவை வெடிப்பு வழியே ஒழுகிப்போகும். மெல்லிய பிளாஸ்ரிக் உறைக்குள் ஊற்றினால் நிற்கும். ஊற்று வரும் துளைக்கும் அதுவே வழி. ஆவணி, புரட்டாதியில் நீர் இறங்கியிருக்கும்போது செய்வது நல்லது.

வெயிலில் காய்ந்த கல்லில் மத்தியானம் ஊற்றவேண்டாம். சூட்டில் வேகமாக வேலைசெய்து கலவை துளையிலிருந்து பீறிட்டு அடிக்கும், கண்ணே போகலாம். வெப்பநாட்டு ரகத்தைக் கேட்டு வாங்கி, பின்னேரம் ஊற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், துளைக்கு மேலே குனியவே கூடாது. முடிந்தபின் சுண்ணாம்புத் தண்ணீரை முழுக்க இறைத்துவிடவேண்டும்.

வீட்டோரக் கிணற்றுக்குக் காசுக்குப் பெறுமதியான சாமான். ஆனால் கல் லேசாக உடைகிறதென்று ஆழம் கூட்டிக்கொண்டே போனால் நன்னீருக்குக் கீழே கிடக்கும் உவர் ஏறிவிடும்.

வாங்கும்போது பைக்கற்றை அமத்திப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் விடுங்கள், ஈரம் குடித்த தூள் பருக்காது.