பேரப்பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கிறிஸ்துமஸ் பரிசு தேடுகிறீர்களா? என் 4,600 போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மதியம் பார்சல் வந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கையில் கொஞ்சமாகப் பணம் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம், எப்படி ஏமாறாமல் வாங்கலாம் என்பதெல்லாம் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் 4,600 எப்படிப் போனது என்று கேளுங்கள்.

எனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவளுக்குப் பதிமூன்று வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. ஓய்வூதியம் வந்ததும் மாதம் 460 எடுத்து ஒரு உறையில் போட்டு வந்தேன். பத்து மாதம். இடையில் மூக்குக்கண்ணாடி உடைந்தது, மாத்திரைச் செலவு கூடியது, எதற்கும் அந்த உறையில் கை வைக்கவில்லை. ஆளுக்கு 920, ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி பரிசு, அதுதான் என் கணக்கு. போன வருடம் ஒருவனுக்குப் பெரிய பெட்டி, இன்னொருத்திக்குச் சின்னப் பெட்டி என்று அமைந்துவிட்டது. இரண்டும் ஒரே விலைதான் என்று அந்த ஏழு வயதுக்காரிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு போதும்.

நவம்பர் 14 இரவு, தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம். பரிசுப்பொருள் விற்கும் ஒரு இணையக் கடை. கடைசி வரை பெயர் சொல்ல மாட்டேன். சொல்லியும் பயனில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். படத்தில் நரைத்த தாடியோடு ஒரு பெரியவர், மரத்தூள் படிந்த மேசை, கையில் உளி. "நாற்பது வருடமாக என் கையால் செய்த மரப் பொம்மைகள். கண் மங்கிவிட்டது, பட்டறையை மூடுகிறேன். இது என் கடைசி கிறிஸ்துமஸ். இருப்பதை எல்லாம் பாதி விலைக்குத் தருகிறேன்." கீழே ஒரு மர ரயில். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்து, சேர்த்துப் படித்தால் குழந்தையின் பெயர்.

நானும் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவள். கண் மங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது வெறும் விளம்பர வாசகம் இல்லை. பிள்ளைகளுக்குப் பரிசும் ஆச்சு, வயதான காலத்தில் ஒரு மனிதருக்கு உதவியும் ஆச்சு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று இரவு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உடனே பணம் அனுப்பிவிடவில்லை. அவ்வளவு அப்பாவி இல்லை நான். அரட்டைப் பெட்டியில் கேள்வி கேட்டேன். பதில் எவ்வளவு மரியாதையாக வந்தது தெரியுமா? "பெயர்களை எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்புங்கள் பாட்டி, ஐயா தன் கையாலேயே செதுக்குவார்." ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார்கள். மூத்தவளுக்கு ரயில் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்குமே, அவளுக்குக் கதவில் மாட்டுகிற பெயர்ப்பலகையாகச் செய்யலாமா என்று அவர்களே கேட்டார்கள். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயதுதான் என்றதும் வந்த பதில் இதுதான்: "அப்படியானால் சின்னவருக்கு விளிம்புகளை நன்றாக மழுக்கித் தருகிறோம்."

அந்த வரியில்தான் விழுந்தேன். சொந்தப் பிள்ளைகளுக்கே தோன்றாத அக்கறை.

கார்டு எண்ணைப் போட்டேன், ஏற்கவில்லை. "பண்டிகை நெரிசல், கார்டு இப்போது வேலை செய்யாது. இந்தக் கணக்குக்கு அனுப்பினால் தபால் செலவு இலவசம்" என்றார்கள். கணக்கு கடையின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதையும் கேட்டேனே! "ஐயாவின் மகன்" என்றார்கள். பக்கத்தின் மேல் மூலையில் "சலுகை முடிய 14 நிமிடம்" என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 4,600 அனுப்பிவிட்டேன். பக்கத்தை மூடித் திறந்தால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்பது நேற்றுதான் தெரிந்தது.

பத்து நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. கேட்டால், ஐயாவுக்குக் காய்ச்சல். அப்புறம், வண்ணம் காயவில்லை. அப்புறம், பார்சல் கிளம்பிவிட்டது, இதோ எண். அந்த எண்ணைப் போட்டால் ஒன்பது நாளாக "தகவல் பெறப்பட்டது" என்ற ஒரே வரி. நான் காய்ச்சலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு உறை. உள்ளே ஐந்து பிளாஸ்டிக் ரயில்கள், கட்டைவிரல் நீளம். பெயர் இல்லை, பலகை இல்லை, மரம் என்ற பேச்சே இல்லை. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. அடியில் பொத்தான் பேட்டரி. மூடிக்குத் திருகாணி இல்லை. நகத்தால் லேசாக நெம்பினேன், பேட்டரி மடியில் விழுந்தது.

4,600 போனதைவிட இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியும் அதைச் செய்யும். விளிம்பை மழுக்கித் தருகிறார்களாம்!

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "பாட்டி" என்றவர்கள் "அன்பான வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தார்கள். பெயர் பொறித்த பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டார்களாம். ஐயா, பெயரே இல்லையே என்றேன். அரை மணி நேரம் கழித்து வேறொரு ஆள்: பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் தருகிறோம். அதாவது 690. முடியாது என்றதும் 30 சதவீதம், 1,380. முழுதும் வேண்டும் என்றால் கடல் கடந்த ஒரு கிடங்குக்கு என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். விசாரித்தேன், அந்தத் தபால் செலவே 4,600-ஐத் தாண்டுகிறது. சரி, அந்த 1,380-ஐயாவது கொடுங்கள் என்று இறங்கி வந்தேன். அதற்கு அப்புறம் பதிலே இல்லை.

வங்கியில் சொன்னது இன்னும் மோசம். நீங்களே அனுப்பியது, நீங்களே ரகசிய எண் போட்டது, என்ன செய்ய முடியும் என்றார்கள். கார்டில் கொடுத்திருந்தால் தகராறு எழுப்ப வழி இருந்திருக்கும். கணக்குக்கு அனுப்பியதை, பணம் அங்கே இருக்கும்போதே சொல்லியிருந்தால் நிறுத்த முயன்றிருப்பார்களாம். நான்கு வாரம் ஆகிவிட்டதே! காய்ச்சலும் காயாத வண்ணமும் எதற்கு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. புகார் எண் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பெரியவரின் படத்தைப் போட்டுத் தேடிக் காட்டினான். அதே முகம், வேறு மூன்று கடைகளில். ஒன்றில் செருப்பு தைக்கிறார், ஒன்றில் மோதிரம் செய்கிறார், எல்லாவற்றிலும் இதுதான் அவருடைய கடைசி கிறிஸ்துமஸ். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உளியின் பிடி எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு மனிதரே இல்லை. கணினி வரைந்த படம் என்கிறான் பையன். கடையின் இணைய முகவரியைப் பதிவு செய்தே எட்டு வாரம்தான் ஆகிறது. நாற்பது வருடப் பட்டறையாம்.

இதற்கு நடுவே, ஆற்றாமையில் ஒரு இடத்தில் இதைப் புலம்பி வைத்தேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். பணத்தை மீட்டுத் தருவாராம், முன்பணம் 600 மட்டும். இவர்களும் அதே கூட்டம்தான், பதில் போடாதீர்கள்.

சரி, சொன்ன ஆலோசனைக்கு வருகிறேன். நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கடையை மூடுகிறோம் என்று கண்ணீர் விடும் விளம்பரத்தில் வாங்காதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது திருடன் கடையிலும் இருக்கும். படத்தைத் தேடிப் பாருங்கள், தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். சொன்ன நாளில் பொருள் வராவிட்டால் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மை சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

பரிசு யோசனையும் சொல்கிறேன் என்றேன் இல்லையா. உறை காலி, அதனால் எனக்கு இருப்பது காசில்லாத யோசனைதான். சின்னவர்கள் மூன்று பேருக்கும் என் குரலில் கதை பதிந்து அனுப்பப் போகிறேன், ஆளுக்கு ஒரு கதை, அவரவர் பெயரே கதையில் வரும்படி. பதினோரு வயதுக்காரனுக்கு அவன் அப்பா சின்ன வயதில் அடித்த கூத்துகளை, பழைய படங்களோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் ஆட்சேபிப்பான், ஆட்சேபிக்கட்டும்.

இன்று டிசம்பர் 13. அந்தக் கதவுப் பலகையைப் பற்றி மூத்தவளிடம் மட்டும் ஜாடையாகச் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு என்ன கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.