லுனுகங்க: கறுவாக் குன்றுக்குள் மறைந்த பாதை

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பழைய தோட்டங்களில், கட்டடக்கலைக்காகவே பார்க்க வேண்டியது பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ வாவிக்கரையிலுள்ள லுனுகங்க. ஒல்லாந்தர் காலத்தில் கறுவா, ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர். 1948இல் இதை வாங்கியபோது, பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான ஜெஃப்ரி பாவா வெறும் சட்டத்தரணி. தோட்டத்தைத் திருத்தும் ஆசைதான் அவரைக் கட்டடக்கலை படிக்க அனுப்பியது. 2003இல் இறக்கும்வரை இந்த வேலையை அவர் விடவில்லை.

பூப்பாத்திகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வீட்டின் தெற்குப் பக்கத்தில் நின்று கறுவாக் குன்றைப் பாருங்கள். புல்வெளி தடையின்றி மேலேறுகிறது; உச்சியில் மரத்தடியில் ஒரு சீனச் சாடி, பின்னால் வாவி, அதற்கும் அப்பால் கட்டகுளியா விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். உண்மையில் வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று ஓடுகிறது. அது பள்ளத்தில் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. குன்றின் உச்சியைச் சீவித் தாழ்த்தியதால்தான் தண்ணீரும் தெரிகிறது. மழை அதிகமான இந்தப் பகுதியில் கிளைகளைக் கழித்துக்கொண்டே இருக்காவிட்டால் காட்சி சீக்கிரமே மூடிவிடும். தோட்டக்காரர்களின் கத்திக்கும் இதில் பாதிப் பெருமை உண்டு.

வடக்கே வாவியைப் பார்த்து நிற்கும் அலரி மரத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டே அதைக் கிடையாக வளர்த்தார்கள். அலரிக் கிளை மென்மையானது, வெடுக்கென்று வளைத்தால் முறிந்து பால் வடியும். ஆகவே ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா வடிவமைத்து, 1962இல் கட்டி முடித்த வீட்டையும் கழற்றி, துண்டு துண்டாக இலக்கமிட்டு, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நாற்சார் வீடு தெரிந்தவர்களுக்கு அதன் நடுமுற்றம் உடனே பிடிபடும். ஆனால் நெருக்கமான நகரக் காணிக்காக உள்நோக்கித் திரும்பிய வீடு அது. திறந்த தோட்டத்தில் அதன் சுற்றுமதிலுக்குரிய காரணம் பாதி போய்விடுகிறது. இடிபட்டுப் போகாமல் தப்பியதே பெரிய விசயம்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் அளுத்கமவில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்கலாம். காரில் போனால் அதிவேக வீதியில் வெலிப்பன்னவில் வெளியேறுங்கள். வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்க முன்பதிவு செய்யுங்கள். காலை நேரமே நல்லது: உச்சிவெயிலில் நிழல் சுருங்கி மேடுபள்ளம் தட்டையாகத் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை கற்படிகளில் பாசி வழுக்கும். படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும்.