வரி பாக்கி: ரிட்டர்னோடு சேர்த்துக் கட்டுவதா, டைரக்ட் பேயில் தனியாகக் கட்டுவதா?

அமெரிக்காவில் வருமான வரி ரிட்டர்னை இ-ஃபைல் செய்யும்போது பாக்கி இருந்தால், அதை வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாமா என்று சாப்ட்வேர் கேட்கும். ரூட்டிங் எண் (வங்கியை அடையாளம் காட்டும் எண்), கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் கொடுத்தால் ரிட்டர்னோடு அந்த அனுமதியும் அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போய்விடும். இன்னொரு வழி, ரிட்டர்னை மட்டும் அனுப்பிவிட்டு ஐ.ஆர்.எஸ். இணையதளத்தின் டைரக்ட் பேயில் தனியாகக் கட்டுவது. நான் இரண்டு வழியிலும் கட்டியிருக்கிறேன். இப்போது டைரக்ட் பேதான்.

கட்டணம் இரண்டுக்கும் கிடையாது. பிப்ரவரியிலேயே ரிட்டர்னை அனுப்பிவிட்டுப் பணத்தைக் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று எடுக்கச் சொல்வதும் இரண்டிலும் முடியும்.

என் முடிவுக்குக் காரணம் அந்த இரண்டு மாத இடைவெளிதான். அதற்குள் என்னவெல்லாமோ நடக்கும். வேலை மாறும், வங்கி மாறும், ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிவரும். ரிட்டர்னோடு அனுமதி கொடுத்திருந்தால், ரிட்டர்ன் ஏற்கப்பட்ட பிறகு தொகையையோ தேதியையோ கணக்கையோ திருத்த வழியே இல்லை. மொத்தமாக ரத்து செய்யலாம், அதற்கும் ஐ.ஆர்.எஸ்ஸுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அதுவும் பணம் எடுக்கும் நாளுக்கு இரண்டு வேலை நாட்களாவது முன்னதாக. பிறகு வேறு வழியில் கட்டியாக வேண்டும்.

டைரக்ட் பேயில் கட்டியதும் உறுதிப்படுத்தும் எண் வரும், கேட்டால் மின்னஞ்சலும் வரும். அந்த எண்ணை வைத்து, அதே இரண்டு வேலை நாள் கெடுவுக்குள், நாமே தளத்தில் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். யாரையும் அழைக்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கில் பணமில்லாமல் திரும்பினால், 1,250 டாலரும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு 2 சதவீதம் அபராதம். தாமதத்துக்கு மாதம் 0.5 சதவீதம் தனி, வட்டி தனி. ‘ரிட்டர்ன் ஏற்கப்பட்டது’ என்று செய்தி வந்ததும் பணமும் போய்விட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி ரிட்டர்னைப் பற்றியது மட்டுமே. எந்த வழியில் கட்டினாலும், குறித்த தேதிக்குப் பிறகு வங்கி ஸ்டேட்மென்டில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டைரக்ட் பேயில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதும் உண்மை. எதற்காகக் கட்டுகிறோம், எந்தப் படிவம், எந்த வரி ஆண்டு என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். 2026-இல் தாக்கல் செய்யும் ரிட்டர்ன் 2025-ஆம் ஆண்டுக்கானது. அவசரத்தில் 2026 என்று தட்டினால் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் உட்காரும், இந்த ஆண்டுப் பாக்கி அப்படியே நிற்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால், ரிட்டர்னில் முதலில் இருப்பவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுப்பதே நல்லது. ரிட்டர்னோடு சேர்த்துக் கட்டுபவர்களுக்கு இந்தத் தேர்வு வேலையெல்லாம் இல்லை.

அமெரிக்காவுக்கு வந்து முதல் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு என் பரிந்துரை நேர் எதிர். டைரக்ட் பே, முந்தைய ஆண்டு ரிட்டர்னில் உள்ள விவரங்களைக் கேட்டுத்தான் ஆளை உறுதிசெய்கிறது. முந்தைய ரிட்டர்னே இல்லாதவர்கள் சாப்ட்வேர் கேட்கும்போதே கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடலாம். கணக்கு எண்ணை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

கிரெடிட் கார்டில் நான் கட்டியதில்லை. தொகையில் ஒன்றே முக்கால் சதவீதமோ அதற்கு மேலோ கட்டணம் போகும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. கார்டில் கிடைக்கும் சலுகை அதை ஈடுகட்டுமா என்பதைக் கட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாநில வரி இதில் சேராது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மாநில வரித்துறையின் வெப் பேயில் தனியாகக் கட்ட வேண்டும், அல்லது சாப்ட்வேரில் மாநில ரிட்டர்னுக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். டெக்ஸாஸ்காரர்களுக்கு மாநில வருமான வரியே கிடையாது.