கிளாடியோலஸ்: பெரிய கிழங்கு வாங்குவதா, குட்டிக் கிழங்கை வளர்ப்பதா?

நீண்ட தண்டில் வரிசையாகப் பூக்கும் கிழங்குச் செடியான கிளாடியோலஸை வளர்க்கிற பலர் பூந்தண்டை வெட்டியதோடு அந்தப் பாத்தியை மறந்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்துக்கு மறுபடியும் காசு கொடுத்துப் புதுக் கிழங்கு வாங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அடுத்த பருவத்துக்கான கிழங்கு அதே மண்ணுக்குள் தயாராகிக்கொண்டிருக்கிறது.

நாம் நடுகிற கிழங்கு அந்தப் பருவத்தோடு சுருங்கிப் போகும். அதன் தலைமேல், செடியின் அடித்தண்டு பருத்துப் புதுக் கிழங்காகும். இரண்டுக்கும் நடுவிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பி, அவற்றின் நுனியில் பட்டாணி அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் குட்டிக் கிழங்குகள் பிடிக்கும். ஆக, செடியைப் பெருக்க முக்கியமான வழிகள் இரண்டு: பெரிய கிழங்கு, குட்டிக் கிழங்கு. வெட்டி நடுவது, விதை, திசு வளர்ப்பு ஆகியவையும் உண்டு. அவற்றின் தேவை குறைவு.

பெரிய கிழங்கின் பலம் வேகம். 4 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள கிழங்கை 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் நட்டால், ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 100 நாளில் பூத்துவிடும். கடையில் விட்டத்தை வைத்துத்தான் விலை சொல்வார்கள். நீங்கள் உயரத்தையும் பாருங்கள். அகலமாகத் தட்டையாக இருக்கும் கிழங்கைவிட, கொஞ்சம் சிறிதானாலும் குமிழ்போல உயர்ந்து நிற்கும் கிழங்கு நல்ல பூந்தண்டு தரும். அப்புறம் கிழங்கைத் திருப்பி அடிப்பக்கத் தழும்பைப் பாருங்கள். தழும்பு சிறிதாக இருந்தால் அது இளங்கிழங்கு. மிக அகலமாக இருந்தால் வயதானது. விரலால் அழுத்தும்போது அமுங்கக் கூடாது. மேல்தோலைக் கொஞ்சம் உரித்ததும் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் என்ற பூஞ்சாணம் பெரும்பாலும் கிழங்கோடுதான் தோட்டத்துக்குள் நுழைகிறது.

பெரிய கிழங்குக்கு இரண்டு குறை. புதிதாகத் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறக்கத்தில் கிடக்கும். 4 முதல் 5 டிகிரி குளிரில் வைத்திருந்தால்தான் சீராக முளைக்கும். இன்னொன்று, பெருக்கம் மிகவும் மெதுவானது. ஒரு முளைக்கு ஒரு புதுக் கிழங்கு, அவ்வளவுதான். சில ரகங்களில் இரண்டு மூன்று முளை வரும். இதை மட்டுமே நம்பினால் பாத்தியை விரிவாக்கப் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குட்டிக் கிழங்கு இதற்கு நேர் எதிர். பூ வர இரண்டு பருவம், சில சமயம் மூன்று பருவம் ஆகும். ஆனால் குட்டி நிறைய விடும் ரகத்தில் ஒரே செடியில் டஜன் கணக்கில் பொறுக்கலாம். ஓடு கெட்டியாக இருப்பதால் அப்படியே விதைத்தால் பாதி முளைக்காமல் கிடக்கும். ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கொஞ்சமாக இருந்தால் நகத்தால் ஓட்டைக் கீறி விடலாம். 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வரிசையாக விதையுங்கள். வரிசை மிக முக்கியம், ஏனென்றால் முதல் பருவத்தில் வருவது புல்போன்ற ஓரிரண்டு இலைதான். கண்டபடி தூவிவிட்டால் களையெடுப்பவர் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்.

நான் குட்டிக் கிழங்கின் பக்கம் நிற்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. உறக்கத்தில் இருக்கும் குட்டிகள் சூட்டைத் தாங்கும். 55 டிகிரி அளவுள்ள வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைத்தால், ஒட்டியிருக்கும் பூஞ்சாணம் பெருமளவு ஒழியும். பூ தரும் பெரிய கிழங்குக்கு இந்தச் சூடு ஒத்துக்கொள்ளாது. வாடல் நோய் வந்த தோட்டத்தில் ஒரு ரகத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் வைரஸ் விஷயம் வேறு. இலையிலும் பூவிலும் கோடு கோடாக நிறம் மாறிய செடியின் குட்டியை எடுக்கவே கூடாது. வெந்நீர் வைரஸைப் போக்காது. அங்கே தேவைப்படுவது நுனித்திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கன்று. அது வீட்டில் செய்கிற வேலையல்ல.

கிழங்கை வெட்டி நடுவது அரிய ரகத்தில் ஒரே ஒரு கிழங்கு கையில் இருக்கும்போது மட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளைக்கண்ணும், வேர்விடும் அடித்தட்டில் ஒரு பங்கும் இருக்க வேண்டும். அதனால் கத்தி மேலிருந்து கீழாகத்தான் இறங்க வேண்டும். வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லி தடவி, நிழலில் ஆறவிட்டு நடலாம். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம், துண்டு அழுகிவிடும்.

விதை புது ரகம் உருவாக்குபவர்களுக்கானது. விதையில் தாய்ச் செடியின் பூ அப்படியே வராது. விதையில்லாமலும் புது ரகம் உருவாக்கலாம்: பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், வைல்டு ரோஸ் ரகத்தைக் காமா கதிருக்கு உட்படுத்தி ஷோபா என்ற ரகத்தைக் கொண்டுவந்தது. அப்படிக் கிடைத்த நிறம் மாறாமல் தொடர வேண்டுமென்றால் கிழங்கு வழியாகத்தான் பெருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? மாடியில் நான்கைந்து தொட்டி வைத்து, இந்தக் குளிர்காலத்திலேயே பூ பார்க்க நினைப்பவர் பெரிய கிழங்கு வாங்கட்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஓசூர்ப் பக்கமோ கொய்மலருக்காகப் பயிரிடுபவருக்கு இரண்டும் வேண்டும். பெரிய கிழங்கைப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு நட்டால் பூ தொடர்ந்து கிடைக்கும். ஓரமாக ஒரு பாத்தியில் குட்டிகளை வருடந்தோறும் விதைத்து வந்தால், மூன்றாம் வருடத்திலிருந்து கிழங்குச் செலவு வெகுவாகக் குறையும்.

எந்த வழியானாலும் பூந்தண்டை வெட்டும்போது செடியில் நான்கு இலையாவது மிஞ்சட்டும். மொட்டையாக வெட்டினால் கிழங்கும் பருக்காது, குட்டியும் பிடிக்காது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இலை மஞ்சளானதும் தோண்டி, நிழலில் உலர்த்தி, அடியில் ஒட்டியிருக்கும் பழைய கிழங்கை முறித்தெறிந்துவிட்டு, காற்றோட்டமான வலைப்பையில் போட்டு வையுங்கள். குட்டிகளுக்குத் தனிப் பை, ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயர்ச் சீட்டு. கலந்துவிட்டால் பூ விடும்வரை எது எந்த ரகம் என்று பிரித்தறிய வழியே இல்லை.