பாஸ் எடுப்பதா, நாள் ரிக்கெற்றா: கிளிநொச்சியில் இருந்து ஒரு கணக்கு

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கணக்கு என்று எது வந்தாலும் கடைசியில் என் தலையில்தான் விடியும். கூட்டுறவுச் சங்கமொன்றில் பேரேடு எழுதுகிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கில்லை. போன மாதம் ஒரே கிழமைக்குள் மூன்று நாடுகளில் இருந்து ஒரே கேள்வி வந்தது. கேளிக்கைப் பூங்காவுக்கு நாள் ரிக்கெற் எடுப்பதா, ஒருதரம் காசு கட்டிப் பலதரம் போகிற பாஸ் எடுப்பதா என்பதுதான் அது. ஸ்காபரோவில் இருக்கும் அக்கா, கனடாஸ் வொண்டர்லாண்ட் சீசன் பாஸைப் பற்றிக் கேட்டார். பரிஸ் புறநகரில் இருக்கும் சித்தியின் மகன் டிஸ்னிலாண்ட் பாஸின் விலைப்பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினான். லண்டனில் மச்சாளுக்கு மேர்லின் பாஸ். "தம்பி, எடுக்கிறதோ விடுகிறதோ, ஒரு வசனத்தில சொல்லு" என்றார் அக்கா.

ஒரு வசனத்தில் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம். இத்தனைக்கும் நான் ஏறிய ஒரே பெரிய விளையாட்டு, சின்ன வயதில் கோயில் திருவிழாவில் இரண்டு பேர் கையால் சுற்றிவிட்ட மர ராட்டினம். பரவாயில்லை, கணக்குப் பார்க்க ஏறிப் பார்த்திருக்கத் தேவையில்லை.

எல்லாரும் செய்கிற கணக்கு ஒன்று உண்டு. பாஸின் விலையை நாள் ரிக்கெற்றின் விலையால் வகுப்பார்கள். இரண்டரை என்று வந்தால், மூன்று தரம் போனால் காசு பிடித்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிழையான கணக்கில்லை, ஆனால் அது இரண்டாவது கணக்கு. முதலில் பார்க்க வேண்டியது, போகக்கூடிய நாட்கள் எத்தனை கையில் இருக்கின்றன என்பதை.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோகம் என்கிற கோடை நெல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணி எத்தனை ஏக்கர் இருந்தால் என்ன, குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இந்தமுறை ஆளுக்கு இவ்வளவு ஏக்கர் என்று முடிவான பிறகுதான் விதைநெல்லைப் பற்றிப் பேச்சு. விதைநெல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்ணீரைக் கேட்காமல் வாங்கி வைத்தவரை ஊர் என்ன சொல்லும் என்பதை எழுதத் தேவையில்லை. பாஸ் விற்கிறவர்கள் விதைநெல்லின் விலையை மட்டும்தான் காட்டுவார்கள்.

சரி, அக்கா வீட்டுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

வொண்டர்லாண்ட், ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் 1981 இல் திறந்த பூங்கா. குளிர் நாடு என்பதால் மே தொடங்கி ஒக்ரோபர் முடியும்வரைதான் முழுமூச்சாக ஓடும். சில வருடங்களில் குளிர்காலத்திலும் சில கிழமைகள் விளக்குப் போட்டுத் திறந்தார்கள், ஆனால் பெரிய ரோலர் கோஸ்ரர்கள் அப்போது ஓடவில்லை. ஆகவே பன்னிரண்டு மாதம் என்று மனதில் நினைத்தாலும் கையில் இருப்பது ஏறத்தாழ 26 கிழமை. சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, அது முடிய மிருதங்கம். மிச்சம் ஞாயிறு மட்டும். அத்தானுக்கு ஒன்றுவிட்ட ஞாயிறு வேலை. 13 ஆகிவிட்டது. ஸ்காபரோவில் கோடைகால ஞாயிறு எப்படி என்று தெரியும்தானே: கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், ஊர்ச் சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் கிரிக்கெற். இதுவரை வந்த அழைப்புகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஏழு. மழைக்கு ஒன்றைத் தள்ளினால் ஐந்து நாள் தேறும்.

ஐந்து நாள் பாஸுக்குப் போதும். அங்கே அடுத்த வருடத்துப் பாஸை இலையுதிர் காலத்தில் விலை குறைத்து விற்பார்கள். அந்த நேரம் வாங்கினால் இரண்டு, மூன்று நாள் ரிக்கெற்றின் காசுக்குள் முடிந்துவிடும். அதோடு வாகனத் தரிப்பிடக் காசையும் பார்க்க வேண்டும். சப்வே ரயில் 2017 முதல் வோன் வரை போகிறது என்றாலும், இரண்டு பிள்ளைகளையும் பைகளையும் இழுத்துக்கொண்டு ரயில் மாறி, பஸ் மாறிப் போக அக்கா சம்மதிக்க மாட்டார். கார்தான். தரிப்பிடக் காசு போகும் ஒவ்வொரு தரமும் தனியாக எழும். ஆனால் கார் ஒன்றுதான். தரிப்பிடத்தோடு சேர்ந்து வரும் பாஸ் வீட்டில் ஒருவரிடம் இருந்தால் போதும், நாலு பேரும் அந்தத் தரத்துக்கு ஏறத் தேவையில்லை.

பாஸால் கிடைக்கும் உண்மையான இலாபம் வாசல் காசில் இல்லை என்பது என் எண்ணம். நாள் ரிக்கெற் எடுத்தவர் கதவு திறக்க முன்பே போய் நிற்பார். கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏற வேண்டும், பிள்ளை அழுதாலும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், மதியமும் இரவும் உள்ளே விற்கிற விலைக்குச் சாப்பிட வேண்டும். பாஸ்காரர் பின்னேரம் மூன்று மணிக்குப் போய், நாலு விளையாட்டு ஏறிவிட்டு, இரவு வீட்டில் இடியப்பம் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த அரைநாள் பெரிய விஷயம். ஆனால் அதற்கு வீடு கிட்ட இருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிப் போகிறவருக்கு அரைநாள் என்ற பேச்சே கிடையாது. அவர் பாஸ் வைத்திருந்தாலும் நாள் ரிக்கெற்காரர் மாதிரித்தான் நடந்துகொள்வார்.

இன்னொன்று உயரம். அக்காவின் இளையவனுக்கு லெவையதன் என்ற கோஸ்ரர்தான் கனவு. 306 அடி உயரம், மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். 54 அங்குலத்துக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்கள். இவன் 50. வாசலில் அளவுகோலில் நின்று திரும்பி வருகிறவனுக்கும் பாஸ் விலை அதேதான்.

பரிஸ் தம்பியின் கதை முற்றிலும் வேறு. டிஸ்னிலாண்ட் பரிஸ் 1992 ஏப்ரலில் திறந்தது, வருடம் முழுக்க ஓடும். அங்கே பாஸ் மூன்று தரம். 2023 ஜூலையில் இப்போதைய முறை வந்தபோது வெண்கலம் 289 யூரோ, வெள்ளி 499, தங்கம் 699. இங்கத்தைய காசில் 289 யூரோ என்றால் ஒரு லட்சம் ரூபாய் அளவில் வரும். பட்டியலைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது என் சம்பளத்தில் அது எத்தனை மாதம் என்பதுதான். அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே உழைக்கிறவர் அங்கத்தைய செலவை அங்கத்தைய காசில்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கோப்பிகூடக் குடிக்க முடியாது.

வெண்கலம் மலிவாக இருப்பதற்குக் காரணம், வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களுக்கு அது செல்லாது. பாடசாலை விடுமுறையும் சனம் கூடும் சனி, ஞாயிறும் அந்தச் செல்லாத நாட்களில் பெரும்பங்கு. செல்லும் நாளிலும் முன்கூட்டியே பதிந்துவிட்டுத்தான் போகலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது காசை வாய்க்காலில் விடுகிற வேலை. ஆனால் தம்பி உணவகத்தில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறு அவனுக்கு எப்போதும் இல்லை. ஓய்வு நாள் புதன்கிழமை. பிரான்ஸில் பல ஊர்களில் ஆரம்பப் பாடசாலைக்குப் புதன்கிழமை விடுமுறை, அவன் மகள் படிப்பதும் அப்படியான ஒன்றில்தான். மற்றவர்களுக்கு உதவாத நாட்கள்தான் இவனுக்கு உதவும் நாட்கள். மலிவான பாஸ் இவனுக்காகவே செய்துவைத்தது போல இருக்கிறது.

போக்குவரத்தும் அவன் பக்கம்தான். ஆர்.இ.ஆர். 'ஏ' ரயிலின் கடைசித் தரிப்பு டிஸ்னி வாசலிலேயே இருக்கிறது. வேலைக்குப் போகவென்று மாதாமாதம் அவன் எடுக்கிற நவிகோ பயண அட்டை எல்லா வலயங்களுக்கும் உரியது, ஆகவே அவனுக்குப் பயணக் காசு புதிதாக ஒரு சதமும் இல்லை. மகளுக்கு மட்டும் சிறுவர் ரிக்கெற்.

அப்போதும் அவன் போட்ட கணக்கில் நான் ஒன்றை வெட்டினேன். மூன்று பேருக்கும் வெண்கலம் என்றால், அந்த 2023 விலைப்படி 867 யூரோ. தம்பியின் மனைவிக்குப் புதன்கிழமை வேலை. வருடத்தில் ஒருநாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் அவரால் வர முடியும். அவருக்கு நாள் ரிக்கெற், தகப்பனுக்கும் மகளுக்கும் பாஸ் என்றால் 578 யூரோவோடு ஒரு ரிக்கெற். குடும்பமாகப் பாஸ் எடுக்கிறோம் என்ற வார்த்தை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு அங்கே ரிக்கெற்றே தேவையில்லை என்பதையும் சொல்லி வைத்தேன். பதிலுக்குச் சிரிப்புப் படம் ஒன்று போட்டான். என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

மச்சாளின் கேள்விதான் சிக்கல். மேர்லின் பாஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பல இடங்களுக்குப் போகலாம்: விண்ட்சரில் லெகோலாண்ட், செசிங்ரன், தோர்ப் பார்க், வடக்கே அல்ரன் ரவர்ஸ், நகருக்குள் லண்டன் ஐ என்கிற பெரிய சக்கரம், மெழுகுச் சிலைகளின் மடாம் ருசோ. பட்டியலைப் பார்த்தால் எடுக்காதவர் மடையர் என்றே தோன்றும். ஆனால் இடம் கூடினால் நாளும் கூடுமா? மச்சாளுக்குப் பத்து ஓய்வு நாள் இருந்தால், பட்டியலில் இரண்டு இடம் இருந்தாலும் இருபது இருந்தாலும் அது பத்துத்தான். பெரிய சக்கரத்தில் ஒருதரம் ஏறினால் வருடத்துக்குப் போதும். மெழுகுப் பொம்மையைப் போன மாதம் பார்த்தவர் இந்த மாதமும் போய்ப் பார்ப்பாரா?

பிள்ளைகளின் வயதும் இடைஞ்சல். மகளுக்கு 14, மகனுக்கு 6. லெகோலாண்ட் சின்னவர்களுக்கானது, மகள் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். தோர்ப் பார்க்கில் பெரிய விளையாட்டுகளுக்கு மகனின் உயரம் போதாது. ஒரு நாளில் இரண்டு பேரையும் மகிழ்விக்க முடியாது என்றால் அந்தப் பத்து நாளும் ஐந்து ஐந்தாக உடையும்.

மலிவான தரப் பாஸ் அவருக்குச் சரிவராது. அதில் தடுக்கப்பட்ட நாட்கள் பாடசாலை விடுமுறைக் காலத்தில்தான் குவிந்திருக்கின்றன. பாடசாலை நாளில் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று மச்சாள் விளையாட்டாகக் கேட்டார். இங்கிலாந்தில் 2024 ஓகஸ்ட் முதல் அனுமதியில்லாமல் பிள்ளையை மறித்ததற்கான தண்டம் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதுவும் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக. மலிவுப் பாஸில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். விலை கூடிய தரத்தை எடுத்தால் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆனால் நாலு பேருக்கு அந்த விலையைப் போட்டுப் பார்த்தபோது மச்சாளே "வேண்டாம் மச்சான், விடுங்கோ" என்றார்.

அவருக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கெலோக்ஸ் கோர்ன்பிளேக்ஸ் பெட்டிகளில் இந்தப் பூங்காக்களுக்கான சலுகைச் சீட்டுகள் வருவதுண்டு, முழு விலை கொடுத்து ஒருவர் வந்தால் வளர்ந்தவர் ஒருவர் இலவசம் என்ற மாதிரி. வருடத்தில் இரண்டே தரம் போகிறவருக்கு எந்தப் பாஸையும் விட அந்தப் பெட்டி பெறுமதியானது. பிள்ளைகளைப் பிரித்து, மகனை ஒருநாள் லெகோலாண்டுக்கும் மகளை இன்னொரு நாள் தோர்ப் பார்க்குக்கும் கூட்டிப் போவதாக முடிவு. என்ன, பிட்டுக்குப் பழகிய வீடு ஒரு மாதத்துக்குக் காலையில் கோர்ன்பிளேக்ஸ் சாப்பிட வேண்டும்.

பாஸா, நாள் ரிக்கெற்றா என்பது இங்கே நாங்கள் எப்போதும் பேசுகிற ஒன்றுதான்: இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரைச் சொந்தமாக வாங்குவதா, உழவுக்குக் கூலி கொடுப்பதா. இத்தனை ஏக்கருக்கு மேல் என்றால் வாங்கு, குறைந்தால் கூலிக்குப் பிடி. ஆனால் ஒரு வித்தியாசம் கணக்கையே மாற்றிவிடுகிறது. என் காணியில் வேலை இல்லாத நாளில் லாண்ட்மாஸ்டரைப் பக்கத்துக் காணிக்கு விடலாம். இழுவைப் பெட்டியைப் பூட்டி மணல் ஏற்றலாம். இரண்டு வருடம் கழித்து விற்கலாம். பாஸில் பெயர் இருக்கும், படம் இருக்கும், அயலவருக்குக் கொடுக்க முடியாது. போகாத நாள் போனதுதான். மாதத் தவணையில் எடுத்தவருக்கு இன்னும் மோசம்: போகாவிட்டாலும் வருடம் முடியும்வரை காசு வங்கியில் இருந்து கழிந்துகொண்டிருக்கும். 2020 இல் தொற்றுநோயால் வொண்டர்லாண்ட் அந்த வருடம் முழுக்கத் திறக்கவே இல்லை. அப்போது பாஸ்களை அடுத்த வருடத்துக்கு நீடித்துக் கொடுத்தார்கள். அது அவர்கள் கதவை மூடியதால். நீங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வராததற்கு ஒருவரும் நீடித்துத் தர மாட்டார்கள்.

பஸ் சீசனும் முன்காசுதானே, அதை ஏன் யோசிக்காமல் எடுக்கிறோம் என்று கேட்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் சீசன் எடுக்கிற மாணவன் பாடசாலைக்குப் போயே தீர வேண்டும். பூங்காவுக்குப் போகாவிட்டால் ஒருவரும் அடிக்கப் போவதில்லை.

இனி அக்காவுக்கு வருகிறேன். ஐந்து நாள் இருக்கிறது, எடுக்கலாம் என்று எழுதி அனுப்ப இருந்த நேரத்தில் அக்காவே இன்னொரு செய்தி போட்டார். ஒன்ராறியோவில் பாடசாலை விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்கி செப்ரெம்பர் முதல் திங்கள்வரை. அதில் ஐந்து கிழமை பிள்ளைகளோடு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறார்களாம். ஐந்து ஞாயிறில் மூன்று அந்தக் கிழமைகளுக்குள் விழுகிறது. மிச்சம் இரண்டு. இரண்டுக்கு நாள் ரிக்கெற் போதும், பாஸ் வேண்டாம் என்று எழுதினேன். இந்த முடிவில் எனக்குச் சுயநலம் இருக்கிறது என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்தேன். அம்மா இப்போதே மொட்டைக்கறுப்பன் நெல் எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இளையவனுக்குத்தான் மனக்குறை. போனை வாங்கி, "மாமா, அங்க என்ன ரைட் இருக்கு?" என்றான். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுக்கு எத்தனை அங்குலம் இருக்க வேணும்?"